பீட்டரும் முயலும்: அஞ்சியதை அணுகித் தீர்க்கும் மருத்துவத்தின் வரலாறு

உளமருத்துவத்தில் இன்று 'எதிர்கொள்ளல் சிகிச்சை' என்று வழங்கும் முறை, ஒருவர் எதைக் கண்டு அஞ்சி விலகுகிறாரோ அதனிடமே அவரை அவருடைய இசைவோடு சிறிது சிறிதாகக் கொண்டுசேர்த்து, அச்சம் தானே தணியும்வரை அங்கிருந்து விலகாமல் இருக்கப் பழக்குவதாகும். அஞ்சியதைத் தவிர்க்கும்போது உடனே கிடைக்கும் நிம்மதி அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுவதாலும், எதிர்பார்த்த கேடு நிகழவில்லை என்று அறியும் வாய்ப்பு அதனால் பறிபோவதாலும், அச்சம் ஆண்டுக்கணக்கில் குறையாமல் நிலைத்துவிடுகிறது என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து. கருத்து எளியதே; ஆனால் எவ்வளவு நெருங்குவது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்தத் துணையோடு நிற்பது என்பவற்றை வரையறுத்து அதை ஒரு மருத்துவமாக்க நெடுங்காலம் பிடித்தது.

இதன் கூறுகள் மருத்துவத்துக்கு வெளியே மிகப் பழங்காலத்திலேயே காணப்படுகின்றன. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயம் என்னும் பௌத்த நூலின் பயபேரவ சூத்திரத்தில், ஞானம் பெறுவதற்கு முன் தாம் அச்சமூட்டும் காடுகளில் இரவுகளைக் கழித்ததை ஜானுஸ்ஸோணி என்னும் பிராமணருக்கு எடுத்துரைக்கும் புத்தர், நடக்கும்போது அச்சம் வந்தால் அது தணியும்வரை நிற்காமலும் உட்காராமலும் நடந்துகொண்டே இருந்ததாகவும், அமர்ந்திருக்கும்போது வந்தால் அமர்ந்தபடியே அதைக் கடந்ததாகவும் கூறுகிறார். அச்சம் வந்தவுடன் இருக்கும் நிலையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்னும் இந்த விதி, பிற்கால மருத்துவர்கள் வலியுறுத்திய விதியோடு வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. இங்கிலாந்தில் மெய்யியலாளர் ஜான் லாக் 1693-இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், தவளையைக் கண்டு அலறும் குழந்தைக்கு அதைத் தொலைவில் வைத்துக் காட்டிப் பழக்கி, பின் நெருங்கிவந்து அது துள்ளுவதைப் பார்க்கச் செய்து, பின் மற்றொருவர் கையில் பிடித்திருக்கும்போது மெல்லத் தொடச் செய்ய வேண்டும் என்று படிநிலைகளையே வகுத்துவிட்டார்.

லாக் குழந்தைகளுக்குச் சொன்னதை ஜெர்மானியக் கவிஞர் கதே தம்மீதே நடத்திப் பார்த்தார். 1770-71-இல் ஸ்ட்ராஸ்பர்கில் சட்டம் பயின்ற அவருக்கு உயரமும் பேரொலியும் நோயின் காட்சிகளும் தாங்க முடியாதவையாக இருந்தன. அந்நகரத்துத் தேவாலயத்தின் 142 மீட்டர் உயரக் கோபுரத்தில் தனியே ஏறி, உச்சிக்குக் கீழே கால் மணி நேரம் அமர்ந்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, பிடிமானமில்லாத குறுகிய தளத்தில் போய் நிற்பதை, அந்த உணர்ச்சி மறையும்வரை மீண்டும் மீண்டும் செய்தார். மாலையில் முரசு முழங்கிச் செல்லும் படையினருக்கு அருகே நடந்தார். உடற்கூற்று வகுப்புகளுக்குச் சென்றார். இரவில் கல்லறை நிலங்களில் உலவினார். தன்வரலாற்று நூலில் இவற்றை எழுதியபோது, பிற்காலத்து மலைப் பயணங்களில் இப்பயிற்சி தமக்குப் பெரிதும் உதவியதாகக் குறிப்பிட்டார்.

மருத்துவ உலகம் இதைக் கையிலெடுத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். தெருவில் தனியே செல்ல அஞ்சும் நோயாளிகளைப் பற்றி 1918-இல் புடாபெஸ்டில் பேசிய சிக்மண்ட் ஃப்ராய்ட், உளப்பகுப்பாய்வு மட்டும் அவர்களுக்குப் போதாது என்றும், வெளியே சென்று அச்சத்தோடு போராட அவர்களைத் தூண்ட வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தத் தூண்டுதலை எப்படிச் செய்வது என்பதற்கு வழி திறந்தவை, அவருடைய மரபுக்கு முற்றிலும் வெளியே, அமெரிக்காவில் நடந்த இரு சோதனைகள்.

முதலாவது, கசப்பானது. ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வில், 'ஆல்பர்ட்' என்று பெயரிடப்பட்ட ஏறத்தாழ பதினொரு மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் அடித்து ஒலியெழுப்பினர். விரைவில் எலியைப் பார்த்த அளவிலேயே குழந்தை அழத் தொடங்கியது. அச்சம் கற்பிக்கப்படக்கூடியது என்பது உறுதியாயிற்று. கற்பித்ததை நீக்குவதற்கு முன்பே குழந்தை தான் இருந்த மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டது. அதன் அச்சம் நீக்கப்படவே இல்லை. அறிவின் பெயரால் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சோதனை, அச்சத்தைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டது. ரேனரின் கல்லூரித் தோழியான மேரி கவர் ஜோன்ஸ், கற்ற அச்சத்தை மறக்கச் செய்ய முடியுமா என்று கேட்டு, பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிய கட்டுரையை 1924-இல் வெளியிட்டார். 2 வயது 10 மாதமான பீட்டர் முயல், வெள்ளை எலி, மென்மயிர் மேலாடை, இறகு, பஞ்சு ஆகியவற்றைக் கண்டு அஞ்சினான். முதலில், முயலுக்கு அஞ்சாத மூன்று குழந்தைகளோடு அவனை விளையாடவிட்டு, முயலை அவ்வப்போது அறைக்குள் கொண்டுவந்தார். கூண்டிலுள்ள முயல் அறையில் எங்கிருந்தாலும் அஞ்சியவன், அது பன்னிரண்டடி தொலைவில் இருந்தால் பொறுத்துக்கொண்டான். பின் நான்கடி, பின் மூன்றடி. பின் முயல் அறையில் தன்போக்கில் உலவினாலும் கலங்கவில்லை. இப்படி 17 படிகளைக் குறித்துவைத்த ஜோன்ஸ், அவற்றின் நடுவில் சிறுவன் முயலை நோக்கித் துப்பியதையும் பொருள்களை வீசியதையும்கூட ஒரு முன்னேற்றமாகவே கணக்கிட்டார். ஓடி ஒளிவதைவிட எதிர்த்து நிற்பது மேல் என்று கண்டுகொண்ட அந்தக் கண் அரியது.

இடையில் செங்காய்ச்சல் கண்டு பீட்டர் இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். அங்கிருந்து திரும்பும்போது பெரிய நாயொன்று பாய்ந்து வர, அவன் அச்சம் பழைய நிலைக்கே போயிற்று. ஜோன்ஸ் மனம் தளராமல் வழியை மாற்றினார்: பீட்டர் உயர நாற்காலியில் அமர்ந்து விருப்பமான உணவை உண்ணும்போது, அவன் உணவை மறக்காத அளவுக்கு மட்டும் முயலை நெருக்கிக் கொண்டுவந்தார். இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் அவன் விட்டான். பஞ்சு, இறகு, மேலாடை பற்றிய அச்சங்களும் உடன் அகன்றன. அதே ஆண்டு வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், கேலி செய்வதும் பேசிப் புரியவைப்பதும் பயன் தரவில்லை என்று காட்டினார்: ஒரு வாரம் முயலைப் பற்றி ஆர்வத்தோடு பேசிவந்த ஐந்து வயதுச் சிறுமி, உண்மை முயலைத் தரையில் விட்டதும் அழுதபடி அதை அப்புறப்படுத்தச் சொன்னாள்.

இவ்வளவு தெளிவான முடிவு கால் நூற்றாண்டுக்கு மேல் மருத்துவர்களின் கவனத்துக்கு வராமல் கிடந்தது. தென்னாப்பிரிக்காவில், போரினால் மனம் குலைந்த வீரர்களுக்கு மருந்துகளால் பயன் விளையாததைக் கண்ட ஜோசப் வோல்ப், பூனைகளின் அச்சத்தை உணவைக்கொண்டு படிப்படியாக நீக்கிய பின், மனிதர்களுக்கு உணவின் இடத்தில் தசைத் தளர்வை வைத்து, நோயாளியின் அச்சங்களைக் குறைந்ததிலிருந்து மிகுந்தது வரை பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கற்பனையில் காணச் செய்யும் முறையை 1958-இல் நூலாக வெளியிட்டார். ஜோன்ஸை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று அழைத்தவரும் அவரே.

அடுத்த மாற்றம் லண்டனில் நிகழ்ந்தது. விக்டர் மேயர் 1966-இல், ஓயாது கழுவுதல் போன்ற சடங்குகளில் சிக்கிய எண்ணச் சுழற்சி நோயாளிகளை, அவர்கள் அருவருக்கும் பொருள்களைத் தொடச் செய்து, கழுவவிடாமல் செவிலியர் துணையோடு காத்திருக்கச் செய்தார். தளர்வுப் பயிற்சி இன்றியமையாததன்று, உண்மைச் சூழலில் போதிய நேரம் நிற்பதே முக்கியம் என்பது ஐசக் மார்க்ஸ் முதலியோரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. விதிவிலக்கும் உண்டு: இரத்தத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று வீழ்ந்து மயக்கம் வருவதால், தசைகளைத் தளர்த்தாமல் இறுக்கும் பயிற்சியை ஸ்வீடனின் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980-களில் உருவாக்கினார்.

பழைய அச்சம் அழிவதில்லை. அதன்மேல் பாதுகாப்பைப் பற்றிய புதிய அறிவு படிகிறது என்றும், இடமோ காலமோ மாறினால் பழையது மீண்டெழலாம் என்றும், ஆகவே பல இடங்களில், பல நிலைகளில் பயில வேண்டும் என்றும் அண்மைக்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர். நாய் பாய்ந்த அன்றே பீட்டரிடம் இது வெளிப்பட்டிருந்தது. ஜோன்ஸ் அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஆல்பர்ட்டின் அழுகையை விரிவாகச் சொல்லும் உளவியல் பாடநூல் ஆசிரியர்கள், அதற்கு அடுத்த பக்கத்திலேயே பீட்டரின் 17 படிகளையும் முழுமையாகத் தர வேண்டும். நோயாளிக்குப் பயன்பட்டது அந்தப் பக்கம்தான்.