திறக்கலாமா இந்தப் பெட்டகத்தை? மேசை விளையாட்டின் மாறுவேடப் பூதங்கள்

தீவகத்தில் ஆளில்லாத ஒரு கல்வீடு. கூரை பாதி விழுந்துவிட்டது. உள்ளறையில் பழைய பெட்டகம் ஒன்று, பூட்டு இல்லாமல் இருக்கிறது. திறப்பீர்களா?

மேசையைச் சுற்றியிருந்து கதை விளையாடும் இளைஞர்களுக்கு இது சுவாரசியமான கேள்வி. இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றவருக்கு இது விளையாட்டே அல்ல. இந்த இருவரும் எங்கள் ஊர்களில் ஒரே மேசையில் இருக்கக்கூடும்.

மிமிக் என்பது என்ன?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கினார்கள். அது 1974 இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

1977 இல் வந்த அதன் பூதங்களின் கையேட்டில் 'மிமிக்' இடம்பெற்றது. பெட்டியாகவோ கதவாகவோ உருமாறி அசையாமல் காத்திருக்கும். தொட்டால் கை பசையில் ஒட்டியதுபோல் சிக்கிக்கொள்ளும். பிறகு அடி விழும். தரைபோல விரிந்து கிடக்கும் பூதமும், கூரைபோல ஒட்டியிருக்கும் பூதமும் அதே நூலில் உண்டு.

இந்த எண்ணம் எங்களுக்குப் புதிதல்ல. மாரீசன் பொன்மானாக வந்தான். பாண்டவருக்குக் கட்டிக்கொடுத்த அரக்கு மாளிகை, வீட்டின் உருவில் இருந்த பொறி. இரண்டு கதைகளிலும் எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. அந்த மானை இலக்குவன் நம்பவில்லை. விதுரர் மறைபொருளாகப் பேசித் தருமனுக்கு ஆபத்தை உணர்த்தினார். நல்ல பொறிக்கதையின் இலக்கணம் இதுதான்.

முதலில் தடயம்

எங்கள் ஆழங்குறைந்த கடலில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். அனுபவப்பட்டவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடப்பார்கள். தெரிந்தவருக்குத் தப்ப வழி உண்டு. மிமிக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும். வீடு முழுக்கத் தூசி, பெட்டகத்தில் மட்டும் இல்லை. எலி ஓடும் வீட்டில் அந்த அறைக்குள் மட்டும் எலிப்புழுக்கை இல்லை. கவனித்தவர் தப்பட்டும்.

நெடுந்தீவின் கல்வேலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்து பூசாமல் பவளக்கற்களை அடுக்கிக் கட்டியவை. அதில் ஒரு கல் கல்லல்ல என்று வையுங்கள். அந்த இடத்தில் மட்டும் குதிரைகள் மேய வருவதில்லை. ஒரு மாலை முழுவதற்கும் இந்தக் கதை போதும்.

பூதத்துக்கும் ஒரு தேவை

1977 கையேட்டின்படி மிமிக்குகளில் ஒரு வகை பேசும். சாப்பாடு கொடுத்தால் அருகில் கண்டதைச் சொல்லும். பலர் இதை மறந்து, அதை வெறும் கடிக்கும் பெட்டியாகவே வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஆட்கள் இருந்த காலத்திலிருந்தே பெட்டகமாக நிற்கும் ஒன்று என்னென்ன பார்த்திருக்கும்? அதை வெட்டுவதைவிட விசாரிப்பதில்தான் கதை இருக்கிறது.

அளவும் முக்கியம். அடிக்கடி வைத்தால், விளையாடுபவர்கள் ஒவ்வொரு கதிரையையும் நீண்ட கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கதை நகராது.

எங்கள் மேசைக்கான எல்லை

சாதாரணப் பொருளுக்குள் ஒளிந்த சாவு எங்கள் மண்ணில் கற்பனை அல்ல. அதற்குப் பொறிவெடி என்று பெயர். 1996 இல் திருத்தப்பட்ட சர்வதேச நெறிமுறை ஒன்று, பொறிவெடி எவற்றில் கூடாது என்று பட்டியலிடுகிறது. சிறுவர் விளையாட்டுப் பொருட்கள், உணவு, சமையல் பாத்திரங்கள், சமயப் பொருட்கள், சடலங்கள், கல்லறைகள் ஆகியவை அதில் அடங்கும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. ஆனாலும் வடக்கில் வெடிபொருள் அகற்றும் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை.

போர்க்களத்துக்கே கூடாது என்று எழுதிவைத்தவற்றை மேசையிலும் தவிர்ப்பது நல்லது. பொம்மையையும் சோற்றுப் பானையையும் மிமிக் ஆக்கவேண்டாம். தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் எது வேண்டாம் என்று கேளுங்கள். ஜோன் ஸ்டாவ்ரோபூலோஸ் அறிமுகப்படுத்திய 'எக்ஸ் அட்டை' இதற்கு உதவும். ஒரு தாளில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வைத்துவிடுங்கள். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை உடனே விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. துணிந்து திறப்பவனுக்கே புதையல் கொடுப்பது இவ்வகை விளையாட்டுகளின் பழக்கம். மிதிவெடி அபாயக் கல்வியில் எங்கள் பிள்ளைகள் படித்தது வேறு: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். ஆகவே உங்கள் மேசையில் ஒரு பிள்ளை, "நான் திறக்கேல்ல, வெளியில போய் ஊராக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொன்னால், பகடை உருட்டச் சொல்லாதீர்கள். முழுப் புள்ளியையும் கொடுத்துவிடுங்கள்.