ஒரு புதிய காரும் ஒரு பேலன்ஸ் ஷீட்டும்



பிஎம்டபிள்யூவின் அடுத்த மாடல் எது, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று எங்கள் விடுதியில் தினமும் பட்டிமன்றம்தான். வெட்டிப் பேச்சு என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1959ல், அப்போதுதான் அறிமுகமான ஒரு கார்தான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது. காமர்ஸ் மாணவனான எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது.

போருக்குப் பிறகு பிஎம்டபிள்யூ 501, 502 என்று பெரிய சொகுசுக் கார்களைச் செய்தது. அழகுதான், ஆனால் வாங்க ஆள் குறைவு. 507 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் மொத்தம் 250 சொச்சம்தான் தயாரானது. இன்னொரு பக்கம் முட்டை வடிவ இசெட்டா. அது நிறைய விற்றது, லாபமோ சொற்பம். பணக்காரருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று. நடுவில் எதுவும் இல்லை!

நஷ்டம் ஏறியதும், டாய்ச்ச வங்கியின் ஆதரவோடு டைம்லர்-பென்ஸ் நிறுவனத்திடம் பிஎம்டபிள்யூவை ஒப்படைக்கத் திட்டம் தயாரானது. 1959 டிசம்பர் 9, மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். பெரிய ஓட்டுகள் வங்கியின் கையில். எதிர்த்தவர்கள் சிறு பங்குதாரர்களும் டீலர்களும்.

டீலர்களுக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை? அந்த ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் பார்த்த பிஎம்டபிள்யூ 700 தான். 697 சிசி, இரண்டு சிலிண்டர், மோட்டார் சைக்கிள் வழிவந்த எஞ்சின். இது நிச்சயம் ஓடும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. வழக்கறிஞர் பிரீட்ரிக் மாதெர்ன் எழுந்து பேலன்ஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டார். 700 காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டில் எழுதித் தள்ளிவிட்டீர்களே, அந்தக் கார் பல ஆண்டுகள் விற்கப்போகிறதே என்பது அவர் வாதம். செலவைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்தால் நஷ்டம் அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. கணக்கில் குறை இருந்தால் 10 சதவீத ஓட்டு இருந்தாலே கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்பது அப்போதைய சட்டம். ஓட்டு கிடைத்தது. டைம்லர் திட்டம் செத்தது!

அதன்பின் ஹெர்பெர்ட் குவாண்ட் தன் பங்கை அதிகமாக்கி நிறுவனத்தை நிமிர்த்தினார். 700 கார் 1965 வரை 1,88,000க்கு மேல் தயாரானது. 1961ல் "நியூ கிளாஸ்" வரிசையின் 1500 அறிமுகமானது. அதன் எஞ்சினைச் செய்த அலெக்ஸ் ஃபான் பால்கன்ஹவுசன், பின்னாளில் 2 லிட்டர் வரை பெரிதாக்க இடம்விட்டே வடிவமைத்தார். அதே எஞ்சின் பிளாக்கை அடிப்படையாகக் கொண்ட டர்போ எஞ்சினோடுதான் 1983ல் நெல்சன் பிக்கே பார்முலா ஒன் சாம்பியன் ஆனார். இது எப்படி இருக்கு? :)

2025ல் வெளியிட்ட மின்சார ஐஎக்ஸ்3 காரின் வரிசைக்கும் அதே "நியூ கிளாஸ்" பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த நன்றி அவர்களுக்கு இருக்கிறது போலும்.

நாளை வரப்போகும் கார், இன்றைய கணக்கில் வெறும் செலவாகத்தான் தெரியும். அதைச் சொத்தாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் அன்று வங்கியில் இல்லை, ஷோரூமில் இருந்தார்கள். எங்கள் விடுதிப் பட்டிமன்றத்தை இனி நான் கேலி செய்யமாட்டேன்!