ஏற்றத்தின் கணக்கு: வெலிமடைப் பாதையில் வேகமும் சுமையும் எரிபொருளும்

மலைப்பாதையில் எரிபொருள் சிக்கனம் பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து நெடுநாளாகக் கேள்விக்கு உட்படாமல் நடமாடுகிறது. ஏறும்போது கூடுதலாகச் செலவாகும் டீசல் இறங்கும்போது மிச்சமாகிவிடும். போக வரக் கூட்டிப் பார்த்தால் சாய்வு கணக்கிலிருந்து விழுந்துவிடும். எஞ்சுவது வேகமும் வாகன வகையும்தான் என்பது அதன் சாரம். சமதரையில் பெற்ற வேக–எரிபொருள் வளைகோட்டை அப்படியே மலையகத்துக்குப் பொருத்துவதற்கு இக்கருத்துத்தான் நியாயம் தருகிறது. நுவரெலியாவிலிருந்து ஹக்கல வழியாக வெலிமடைக்கு இறங்கும் ஏ5 வீதியை முன்வைத்துப் பார்த்தால் இது நிற்காது என்பது என் முடிபு. ஏட்டளவில் முடிந்துவிடும் விவகாரமும் அல்ல இது. 2022 யூலையில் நாடு முழுவதற்கும் ஒரே அளவாக வகுக்கப்பட்ட வாராந்த எரிபொருள் ஒதுக்கீட்டை நியாயமானது என்று வாசிப்பவர்களும் இதே கருத்தின்மேல்தான் நிற்கிறார்கள்.

முதலில் ஒரு லொறியை எடுத்துக்கொள்வோம். கெப்பெட்டிபொலவில் மரக்கறி ஏற்றிய, சரக்கோடு சேர்த்து 6 தொன் நிறையுள்ள நடுத்தர லொறி. வெலிமடை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது; நுவரெலியா 1868 மீற்றரில். இடையிலுள்ள தூரம் 25 கிலோமீற்றருக்கு அண்மையானது. கணக்கை அடக்கமாக வைத்துக்கொள்ள, ஏற்றத்தை 800 மீற்றர் என்றே கொள்கிறேன். 6 தொன்னை 800 மீற்றர் தூக்க 47 மெகாயூல் வேண்டும். தார் வீதியில் ரயரின் உருள் தடையை நிறையில் நூற்றில் ஒரு பங்காகக் கொண்டால், 25 கிலோமீற்றருக்கு 15 மெகாயூல். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் லொறிக்குக் காற்றுத் தடையால் ஆகும் செலவு வெறும் 2.5 மெகாயூல். ஆக, சக்கரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய 64 மெகாயூலில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானது தூக்குவதற்கே போகிறது.

வேகம் எங்கே வேலை செய்கிறது என்பதை இந்தப் பங்கீடே காட்டிவிடுகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதே லொறி 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏற முடியும் என்று வைத்துக்கொண்டாலும் காற்றுக்கான செலவு 10 மெகாயூலாகும். மொத்தத் தேவை நூற்றுக்கு 12 அளவில் உயரும். சமதரையிலோ அதே வேக மாற்றம் தேவையை நூற்றுக்கு 44 கூட்டிவிடும். இனி வேகத்தை 30 கிலோமீற்றரிலேயே வைத்து, சரக்கில் ஒரு தொன்னை மட்டும் இறக்கிவிட்டுப் பாருங்கள். ஏற்றத்துக்கான தேவை நூற்றுக்கு 16 குறைகிறது. ஹக்கல ஏற்றத்தில் வேகத்தை இரட்டிப்பதைவிட ஒரு தொன் சரக்கு அதிகம் தின்கிறது. மணிக்கு 50 முதல் 80 கிலோமீற்றர் வரையே சிக்கன வேகம் என்ற அறிவுரைக்கு இந்தப் பாதையில் பொருளில்லை. ஏற்றத்தில் அந்த வேகத்தை இந்த லொறிகள் தொடுவதே இல்லை.

இறக்கத்தில் மிச்சமாகும் என்ற வாதம்தான் இங்கு மையமானது. அதில் பாதி உண்மை இருக்கிறது, ஆகவே நிதானமாகவே அணுக வேண்டும். இறங்கும் வண்டியை இழுப்பது சாய்வு. தடுப்பது உருள் தடையும் காற்றும். சாய்வு இந்தத் தடைகளைவிடக் குறைவாக இருக்கும்வரை இயந்திரம் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும்போது கொடுத்த ஒவ்வொரு யூலும் இறக்கத்தில் டீசல் மிச்சமாகத் திரும்பி வரும். நம் லொறிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அந்த எல்லை ஏறத்தாழ நூற்றுக்கு 1.2 சாய்வு. குருநாகல், பொலன்னறுவைப் பக்கத்துச் சமவெளி வீதிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கும். அங்கே முந்தைய ஆய்வாளர்கள் சொன்னது சரி. வெலிமடை–நுவரெலியாப் பாதையின் சராசரிச் சாய்வோ நூற்றுக்கு 3.2. எல்லைக்கு மேற்பட்ட மிகுதி முழுவதும் பிரேக்கிலும் இயந்திரத் தடுப்பிலும் சூடாகிக் காற்றோடு போகிறது. டீசல் செலவு சுழியத்துக்குக் கீழே இறங்காது. மேலே செலவழித்ததைத் தாங்கியில் திரும்ப ஊற்ற எந்த டீசல் லொறியாலும் முடியாது.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றே. ஏற்றத்தில் இயந்திரம் நிறைபளுவில் உழைக்கிறது. அப்போது அதன் திறன் கூடுதல். சமதரையில் அரைகுறைப் பளுவில் திறன் குறைவு. இதை ஏற்றுக்கொண்டே கணக்கிடுகிறேன்: ஏற்றத்துக்கு நூற்றுக்கு 33, சமதரைக்கு 25. ஒரு லீற்றர் டீசலில் 36 மெகாயூல். இறக்கத்தில் ஒரு சொட்டும் எரிவதில்லை என்றும் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துவிடுவோம். 6 தொன்னாக ஏறி, சரக்கை இறக்கிவிட்டு 3.5 தொன்னாகத் திரும்பும் நடைக்கு மலையில் 5.4 லீற்றர், அதே தூரம், அதே சுமை, சமதரையில் 3.1 லீற்றர். இவை வளைவும் நிறுத்தமும் சேராத அடிமட்டக் கணக்குகள். உண்மையில் இரண்டுமே இதைவிடக் கூடும். ஆனாலும் ஒன்றே முக்கால் மடங்கு என்ற இடைவெளியைத் திறன் வேறுபாடு மூடிவிடவில்லை. சாரதியின் கைப்பழக்கம், வீதியின் தரம், மழை என்பனவற்றைச் சொல்லி இதைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவை சமவெளியிலும் உண்டு.

சுமை எந்தத் திசையில் ஏறுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வெலிமடை ஊவாவின் கிண்ணத்துக்குள் கிடக்கிறது. கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ போகும் உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும் நுவரெலியா வழியாகப் போனாலும் அப்புத்தளை வழியாகப் போனாலும் முதலில் கிண்ணத்தின் விளிம்பை ஏறித்தான் கடக்க வேண்டும். நிறைந்த வண்டி ஏறுகிறது, வெறும் வண்டி இறங்குகிறது. இறக்கத்தில் கிடைக்கும் அந்தச் சிறு மிச்சமும் குறைந்த நிறையில்தான் கிடைக்கிறது. ‘போக வர’ என்று கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் இரு திசையிலும் ஒரே நிறை என்று சொல்லாமலே வைத்துக்கொள்கிறார்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது பற்றிச் சுருக்கமாக. இன்றைய டீசல் இயந்திரங்களிலும் எரிபொருள் உட்செலுத்தும் பெற்றோல் இயந்திரங்களிலும் கியரில் வைத்து மிதியை விட்டால் எரிபொருள் வெட்டுப்படும். நியூட்ரலில் இயந்திரத்தைத் தானாகச் சுழல வைக்கவே எரிபொருள் வேண்டும். காபரேட்டர் பொருத்திய பழைய முச்சக்கர வண்டிகளில் மட்டும் நியூட்ரலால் துளி மிச்சமாகலாம். ஹக்கலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும் ஆபத்தை அந்தத் துளியோடு நிறுத்துப் பார்க்கவே கூடாது.

வேகத்துக்கு இப்பாதையில் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது காற்றின் வழியாக வராமல் வளைவின் வழியாக வருகிறது. 40 கிலோமீற்றரில் வந்து கொண்டையூசி வளைவில் பிரேக் பிடித்து 15க்கு இறங்கும் 6 தொன் லொறி, மீண்டும் 40ஐ எட்ட ஏறத்தாழ 27 மில்லிலீற்றர் டீசல் எரிக்கும். 60இலிருந்து இறங்கினால் அது 66 மில்லிலீற்றர். ஏற்றத்தில் வளைவு வருமுன்னே மிதியைத் தளர்த்திவிடும் சாரதிக்கு இந்த இழப்பு இல்லை. வேகம் உயரமாக மாறிவிடுகிறது. மெதுவாகப் போனால் மிச்சம் என்பதும் ஏற்றத்தில் பிழையாகலாம். தேவைக்கு மேல் கீழ்க் கியரில் இழுத்தால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இயந்திரம் சுற்றும் சுற்று கூடி உராய்வு கூடுகிறது. 1800 மீற்றருக்கு மேல் காற்று ஆறில் ஒரு பங்கு மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத பழைய லொறிகள் அந்தக் கீழ்க் கியருக்கு இன்னும் விரைவாகத் தள்ளப்படுகின்றன.

வாகனத் தேர்விலும் இதே தவறான வாசிப்பு தொடர்கிறது. ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்குவா லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் ஓடும் என்ற எண், ஜேசி08 சோதனையில் உருளைகளின்மேல் சாய்வே இல்லாமல் ஓட்டிப் பெற்றது. ஆட்களோடு 1.3 தொன் வரும் அந்தக் கார் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும்போது தடைகள் போக 1.6 கிலோவாட் மணி மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி மின்னாக்கத்தில் இழக்கப்படும். மீதியைக் கொள்ளவும் ஹைபிரிட் பற்றரிக்கு இடம் போதாது; அதன் மொத்தக் கொள்ளளவே 1 கிலோவாட் மணிக்குக் குறைவு. பாதி வழியிலேயே அது நிரம்பிவிடும். 24 கிலோவாட் மணி பற்றரியுடைய நிசான் லீஃபுக்கு, உச்சியில் முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்படாதவரை, இந்தச் சிக்கல் இல்லை. ‘ஏறியது இறங்கும்போது திரும்பும்’ என்ற கூற்று ஓரளவுக்கேனும் பொருந்துவது மின்வண்டிக்குத்தான். கூற்று எழுந்ததோ டீசல் வண்டிகளைப் பற்றி.

இப்போது 2022 யூலைப் பட்டியலுக்கு வருவோம். கியூஆர் முறையின் தொடக்க வாராந்த ஒதுக்கீடு: மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. ஒரே வகைக்கு ஒரே அளவு, ஆகவே சமநீதி என்பதே இதற்கான வழக்கமான வாசிப்பு. தட்டுப்பாட்டின் உச்சத்தில் எளிமையான விதி தேவைப்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மேலே காட்டிய கணக்கின்படி 50 லீற்றரில் சமதரை லொறி 16 நடை போகும். அதே தூரத்தை அதே சுமையோடு வெலிமடை லொறி 9 நடைதான் போகும். லீற்றர் சமம், செய்யும் வேலை சமமில்லை. 5 லீற்றர் முச்சக்கர வண்டியின் நிலை இதைவிடக் கடுமையானது. தோட்டத்து லயங்களிலிருந்து வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த வண்டிதான். தார் காணாத தோட்டப் பாதையில் உருள் தடை தார் வீதியைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ. ‘எல்லாருக்கும் ஐந்து’ என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சமமான அளவாக இருக்கவில்லை.

மாற்று வழி நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது அடுத்த பதில். அதற்குரிய தரவு அந்த முறைக்குள்ளேயே இருந்தது. வாகன இலக்கமும் செசி இலக்கமும் கொடுத்தே ஒவ்வொருவரும் பதிந்தார்கள். லொறியின் நிறை பதிவுப் புத்தகத்தில் உண்டு. எந்த நிலையத்தில் எப்போது எவ்வளவு அடிக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு வருடலும் பதிந்தது. வண்டி வழக்கமாக நிரப்பும் நிலையத்தின் சுற்றுப்புறச் சாய்வையும் வண்டியின் நிறையையும் சேர்த்து ஒரு பெருக்கு எண்ணை வகுத்திருக்கலாம். 2023 செப்டெம்பர் 1 அன்று ஒதுக்கீடு நீக்கப்படும்வரை அப்படியொரு பெருக்கு எண் வகுக்கப்படவில்லை.

அந்தப் பதிவுகளே என் வாதத்தைச் சோதிக்கவும் போதும். ஒரே வகை லொறிகள் முதல் வாரங்களில் தம் ஒதுக்கீட்டை எத்தனை நாளில் முடித்தன என்பதை நுவரெலியா, பதுளை நிலையங்களுக்கும் குருநாகல், பொலன்னறுவை நிலையங்களுக்கும் இடையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரிசையின் நீளமும் விநியோகத் தாமதமும் இரு பக்கத்திலும் கழிக்கப்பட்ட பின், ஓடிய தூரம் ஒத்திருந்தும் முடிந்த நாட்களில் வேறுபாடு தெரியாவிட்டால் சாய்வு பற்றிய என் கணக்கைக் கைவிட வேண்டியதுதான். வேறுபாடு தெரிந்தால், மலையகத்துக்கான வேக–எரிபொருள் வளைகோட்டை உயரத்தையும் நிறையையும் சேர்த்துப் புதிதாக வரைய வேண்டும்.