கெல்லி மாளிகையும் அதனைக் கட்டிய கைகளும்

பேரா மாநிலத்தில் பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றையடுத்த மேட்டின்மீது முற்றுப்பெறாத செங்கல் மாளிகை ஒன்று நிற்கின்றது. கெல்லி மாளிகை என வழங்கும் அதனைக் காணச் செல்வோர் பெரும்பாலும் பேய்க்கதை கேட்டுத் திரும்புகின்றனர். பள்ளிச் சுற்றுலா சென்று வந்த மாணாக்கரைக் கேட்டாலும் பேயைப் பற்றியே சொல்கின்றனர். பேயினும் சுவையான செய்திகள் அம்மாளிகையில் உள்ளன. ஒரு மனிதர் தம் வாழ்வு முழுவதையும் வீடாக வடிக்க முயன்ற வரலாறு அது. அதை வடித்துக் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டுக் கொத்தர்கள் என்பது நாம் மறக்கலாகாத பகுதி.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காத்லாந்தின் மோரே வட்டாரத்தில், கெல்லாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தமது இருபதாம் வயதில், 1890இல், பொறியாளராக மலாயா வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்பாரின் நில அளவைத் தொழிலில் சேர்ந்து, பத்து காஜாப் பகுதிக் காடுகளைத் திருத்தும் அரசாங்க ஒப்பந்தத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு கிந்தாவில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கிப் பால்மரம் நட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். தோட்டத்துக்கு அவர் இட்ட பெயர் ‘கிந்தா கெல்லாஸ்’. வந்த ஊரும் பிறந்த ஊரும் ஒரே பெயரில் அடங்கின. தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர்க்கும் ஊர்ப்பாசம் குறைவில்லை. தோட்டத்துக்குப் பெயரிடும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை.

1903இல் தம் மனைவி ஆக்னஸை மலாயாவுக்கு அழைத்து வந்தார். மறு ஆண்டு ஹெலன் என்னும் மகள் பிறந்தாள். ஏறத்தாழ 1910ஆம் ஆண்டளவில் ‘கெல்லாஸ் இல்லம்’ என்ற முதல் வீடு எழுந்தது. 1915இல் ஆண்டனி என்னும் மகன் பிறந்தான். பெரிய மாளிகையின் வேலையும் அவ்வாண்டே தொடங்கிற்று. மனைவியின் தாயக ஏக்கத்தைத் தணிக்கவே கட்டினார் என்பர் சிலர். மகன் பிறந்த மகிழ்ச்சியில் கட்டினார் என்பர் வேறு சிலர். பதினோர் ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆண்மகவு பிறந்த ஆண்டும் மாளிகை தொடங்கிய ஆண்டும் ஒன்றாக இருத்தலின், பின்னவர் கூற்றே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகின்றது.

மாளிகையின் அமைப்பைப் பார்ப்போம். அது தனித்து எழுந்த கட்டடம் அன்று; பழைய வீட்டோடு இணைத்துப் பெருக்கிய பகுதி. ஆறு அடுக்குக் கோபுரம், அதனுள் மின்தூக்கி, மேல்தளத்தில் திறந்த முற்றம், டென்னிஸ் ஆடுகளம், மதுக் கிடங்கு எனத் திட்டமிட்டனர். மின்தூக்கி வந்திருப்பின் மலாயாவில் அதுவே முதலாவதாக இருந்திருக்கும் என்பர். அது வரவில்லை, அதற்கென விட்ட குழி மட்டும் கோபுரத்தின் நடுவே இன்றும் திறந்து கிடக்கின்றது.

சாளரங்களும் வளைவுகளும் ஸ்காத்லாந்துக்கு உரியன அல்ல. மூரிய வளைவும் இந்திய வேலைப்பாடும் அங்கே ஸ்காத்லாந்துக் கோட்டையின் சாயலோடு கலந்துள்ளன. இக்கலவையை ஒரு துரையின் விசித்திர ஆசை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அக்காலத்து ஆங்கிலேயரிடையே இதுவே நாகரிகமாக இருந்தது. சென்னையில் சிசோம் கட்டிய பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபம் 1879இல் முடிந்தது. உயர்நீதிமன்றம் 1892இல் எழுந்தது. கோலாலம்பூர்ச் செயலகக் கட்டடம் 1897இலும், புகைவண்டி நிலையம் 1910இலும் தோன்றின. பேராவிலேயே ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த ஈப்போ நிலையமும் கோல கங்சார் உபுடியா பள்ளிவாசலும் 1917இல் நிறைவெய்தின. (அப்பள்ளிவாசலுக்கென வந்த இத்தாலியப் பளிங்கை யானைகள் மிதித்து உடைத்ததால் வேலை தாமதமாயிற்று என்பது ஒரு கிளைக்கதை.)

கெல்லி ஸ்மித் 70 கைவினைஞரைச் சென்னையிலிருந்து தருவித்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்தே வந்தன என்பர். கிந்தா ஈய நகரங்களில் கட்டடத் தொழிலறிந்த சீனர் பலர் இருக்க, கடல்கடந்து ஆள் தேடியது ஏன்? மூரிய வளைவைச் செங்கல்லில் கட்டிச் சுண்ணச் சாந்து பூசும் கலையில் சென்னைக் கொத்தர்கள் நாற்பது ஆண்டுப் பழக்கம் உடையவர்கள். அதுவே காரணம் என்பது என் கருத்து. பால்மரம் வெட்டுவதற்கு மட்டுமே தமிழர் இந்நாட்டுக்கு வந்தனர் என்று எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அதே காலத்தில் மலாயாவிலும் பர்மாவிலும் ஈட்டிய பொருளால் செட்டிநாட்டிலும் மாளிகைகள் எழுந்தன. பர்மாத் தேக்கும் அயல்நாட்டுப் பளிங்கும் அவற்றிலும் உண்டு. ஆயினும் அங்கே வீட்டின் அமைப்பை வகுத்தது குல வழக்கம்: முன்கட்டில் திண்ணையும் வணிகம் பேசும் இடமும், உள்ளே வளவும், அதனைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறையும். கெல்லியின் மாளிகையோ ஒரே ஒருவருடைய நினைவையும் ஆசையையும் நம்பி நின்றது.

1918இன் இறுதி மாதங்களில் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களிலும் புகுந்தது. மாளிகைத் தொழிலாளரும் மாண்டனர். எஞ்சியோர் துரையிடம் சென்று, அம்மனுக்குக் கோயில் ஒன்று வேண்டும் என்றனர். அவரும் இசைந்தார். மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. நன்றியின் அடையாளமாக, கோயில் மேற்பகுதியில் தெய்வ உருவங்களின் வரிசையில் வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த துரையின் உருவத்தையும் சுதையில் அமைத்தனர். மாளிகையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கவழி உண்டு என்ற பேச்சும் நெடுநாளாக வழங்கி வருகின்றது.

அம்மேட்டில் துரையின் விருப்பப்படி எழுந்தது மாளிகை; தொழிலாளர் தாமே வேண்டிப் பெற்றது கோயில். மாளிகையில் குடும்பம் குடியேறவே இல்லை.

போரினால் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. பின்னர்க் காய்ச்சல் வந்தது. 1920க்குப் பின் ரப்பர் விலை சரிந்து, உற்பத்தியைக் கட்டுப்படுத்த 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மாளிகை வேலை இழுபட்டதற்கு இவை போதுமான காரணங்கள். 1926இல் போர்த்துகலின் லிஸ்பன் நகரில் கெல்லி ஸ்மித் சளிக்காய்ச்சலால் 56ஆம் வயதில் இறந்தார். ஆக்னஸ் மக்களோடு தாயகம் திரும்பினார். உடைமை ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மாளிகையைக் காடு மூடியது. பின்னாளில் துப்புரவு செய்யப்பட்டுச் சுற்றுலா இடமாயிற்று; 1999இல் வெளிவந்த ‘அன்னாவும் அரசரும்’ என்ற ஆங்கிலப் படத்திலும் இடம்பெற்றது.

இனி, தோட்டத் தொழிலாளர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர்? லயம் என்னும் நீண்ட கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி. வகுத்தவர் அதில் வாழப்போவோரைக் கேட்டதில்லை. 1966, 1990 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவுத் தரத்தை வகுத்தன. அதற்குள் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிவிட்டன.

ஆனால் ஒரே அச்சில் வார்த்த லயத்திலும் யார் வீடு எது என்று தெரியும். எங்கள் பாகான் டத்தோத் தென்னந்தோட்டங்களில், பின்புறம் பழம்பலகையும் தகரமும் கொண்டு நீட்டிய அடுப்படியைக் கண்டால் அங்கே மருமகள் வந்துவிட்டாள் என்று பொருள். அஞ்சடியில் பெஞ்சு கிடந்தால் கூட்டம் கூடும் வீடு. வாசலில் வேம்பும் முருங்கையும், சுவரில் சாமிப் படங்களுக்கு அருகே பிள்ளையின் பள்ளிச் சான்றிதழும் இருக்கும். துரைமார் வரைந்த வீட்டைத் தொழிலாளி தன் வாழ்வுக்கேற்பத் திருத்திய வகை இது. தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தோர் பலர் அந்த வேம்பையும் கறிவேப்பிலையையும் உடன் கொண்டு சென்றனர்.

கெல்லி மாளிகைக்குப் பலகையும் வழிகாட்டியும் உண்டு. லயங்களோ இடிக்கப்பட்டு, அந்நிலங்களில் பல செம்பனைக்காடாகிவிட்டன. ஆசிரிய அன்பர்கள் மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்லும்போது முதலில் மாரியம்மன் கோயிலைக் காட்டுக. மாளிகையை அதன் பின்னர்க் காட்டலாம். திரும்பி வந்ததும் பேய்க்கதைக் கட்டுரை எழுதச் சொல்லாமல், தாத்தா பாட்டி வாழ்ந்த லய வீட்டின் படத்தைக் கேட்டறிந்து வரையச் செய்க. அடுப்பு எங்கே இருந்தது, சாமிப் படம் எந்தச் சுவரில், பிள்ளை பெற்றவள் எந்த மூலையில் படுத்தாள், பின்கட்டை நீட்டியது எந்த ஆண்டு, அதற்குப் பலகை எங்கிருந்து வந்தது என்பனவற்றையும் படத்தின் ஓரத்தில் எழுதி வரட்டும். சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர்.