வேகக் கடவுளுக்குப் படையல்

நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கிலில் வாழ்ந்த பர்ட் மன்றோ (1899–1978), 1920-இல் ஓர் இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளை வாங்கினார். எஞ்சின் 600 சிசி. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தைக் கூட்ட விரும்பினார். காசு குறைவு, கைத்திறன் அதிகம். பிஸ்டன்களைப் பழைய தகர டப்பாக்களில் வார்த்தார். டிராக்டர் அச்சு இரும்பைக் கையாலேயே அரம் போட்டுத் தேய்த்து கனெக்டிங் ராடு செய்தார். வெடித்துச் சிதறிய பாகங்களைக்கூட அவர் எறியவில்லை. பட்டறை அலமாரியில் அடுக்கி, ‘வேகக் கடவுளுக்குப் படையல்’ என்று எழுதிவைத்தார். எத்தனை அழகான பொறுமை!

1967-இல், 68 வயதில், அதே வண்டியை ஓட்டி, அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில் 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் உலக சாதனை படைத்தார். அன்றைய கணக்குப் பிழை 2014-இல் திருத்தப்பட்டபோது, அவரது வேகம் மணிக்கு 296 கிலோமீட்டர் என்றானது. அந்த வண்டி இன்வர்கார்கிலில் ஓர் இரும்புச் சாமான் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.