புள்ளடியும் எல்லைக்கோடும்

டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் 1931 இல் வாக்குரிமை பெற்றனர். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பினால் யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு தொகுதிகள் வெறுமையாய்க் கிடந்ததை நேயர்கள் அறிவர். மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியோ அரசாங்க சபைக்குத் தன் உறுப்பினரை அனுப்பியது. வன்னி யாழ்ப்பாணத்தின் நிழலன்று!

2004 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வன்னி வாக்காளர் எதிர்கொண்ட இடர் வேறு. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட ஊர்களின் மக்கள், எல்லையைக் கடந்து அரச பகுதியிலிருந்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்களுக்கு வரவேண்டியிருந்தது. ஒரு புள்ளடியிடுவதற்குச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிய பயணம். வயோதிபருக்கும் கைக்குழந்தையுடைய தாய்மாருக்கும் அது எளிதன்று.

2005 நவம்பர் 17 இல் நடந்த சனாதிபதித் தேர்தலிலோ அவ்வழியும் வெறிச்சோடியது. ஏறக்குறைய ஏழு இலட்சம் வாக்காளரைக் கொண்ட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதத்தினரே, கிளிநொச்சியும் அதனுள் அடங்கும். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 34 வீதம். நாடளாவிய வெற்றியின் வித்தியாசமோ 1,80,786 வாக்குகள்.

இதனையும் பகிஷ்கரிப்பு என்றே அழைத்தனர். 1931 இல் பிரசாரம் செய்த வேலையை 2005 இல் பெரிதும் அச்சம் செய்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தாது.

போர் 2009 இல் முடிய, அவ்வெல்லை அழிந்தது. 2015 சனவரி 8 இல் வன்னியில் 72 வீதத்தினர் வாக்களித்தனர். 1984 இல் தனி நிர்வாக மாவட்டமான கிளிநொச்சி மாத்திரம், வாக்களிக்கும்போது இன்றும் யாழ்ப்பாணத்தோடேயே எண்ணப்படுகிறது.