முந்தின ராத்திரி சாப்பிட்ட இட்லி

போன மாதம் அத்தைக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மூன்று இட்லி, அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்கு மயக்க மருந்து டாக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது: அத்தை சர்க்கரைக்காக வாராவாரம் செமாகுளூட்டைட் ஊசி போட்டுக்கொள்கிறார். "என்னென்ன மாத்திரை?" என்று முன்பே கேட்டிருக்கிறார்கள். ஊசி மாத்திரையில் சேராது என்பது அத்தையின் கணக்கு. டாக்டர் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். பதின்மூன்று மணி நேரமாகியும் இட்லி உள்ளேயே இருக்கிறதாம். "இன்னிக்கு வேண்டாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இந்த வெறும் வயிறு விதி எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், இன்டர்னல் டெஸ்டுக்குப் படிக்க வேண்டிய மூன்று நாள் காலி.

நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

1848 ஜனவரி 28. குளோரோஃபார்ம் புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால்விரல் நகம் எடுக்க மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். அவளைத் தெளிய வைக்க வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றியிருந்தார்கள். அதுதான் மூச்சை அடைத்தது என்றார் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்திய சிம்ப்சன். இல்லை, குளோரோஃபார்மேதான் கொன்றது என்றார் ஜான் ஸ்னோ (காலராவுக்குக் குடிதண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்த அதே ஆள்). தன் சரக்கை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்!

1883-இல் லிஸ்டர் எழுதியது நிதானமானது: வயிற்றில் திட உணவு கூடாது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கப் டீ நல்லது.

அதைப் பிற்பாடு மறக்க வைத்தது மெண்டல்சனின் 1946 கட்டுரை. நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 1932 முதல் 1945 வரை 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு மயக்கத்தில் புரையேறியிருந்தது. திட உணவு அடைத்து இருவர் இறந்தார்கள். முயல்களின் நுரையீரலில் அமிலம் விட்டு, அது எப்படி அரிக்கிறது என்றும் அவர் காட்டினார். பிரசவ வலியில் வயிறு காலியாக நேரமாகும் என்றும் எழுதினார். உலகமோ 'நள்ளிரவுக்குப் பின் எதுவும் கூடாது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்கு 2 மணி நேரம், இலேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் தளர்த்தியது 1999-இல்தான்.

எங்கள் பாஷையில் இதெல்லாம் புத்தக ஸ்டாக். குடோனுக்குள் போய் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வயிறு ஒழுங்காக நகரும் ஆளுக்கு அந்தக் கணக்கு சரி. மார்ஃபின் மாதிரி வலி மருந்துகள் வயிற்றை மந்தமாக்கும் என்பது டாக்டர்களுக்குப் பழைய சங்கதி.

புது வில்லன் வந்தது ஒரு பல்லியிடமிருந்து. கீலா மான்ஸ்டர் என்ற அமெரிக்க விஷப் பல்லியின் விஷத்தில் ஜான் எங் 1992-இல் கண்ட பொருளிலிருந்து 2005-இல் எக்ஸனடைட் சர்க்கரை மருந்தானது. அதே வகையில் 2017-இல் செமாகுளூட்டைட். உணவை வயிற்றிலேயே தாமதப்படுத்துவது இவற்றின் குணம்.

2023 ஜூனில் அதே அமெரிக்கச் சங்கம், வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. ஆனால் அந்த மருந்து உடம்பில் பாதியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 50 சதவீதத் தேய்மானம், மீதி பாதி அப்படியே நிற்கும்! நிறுத்தினால் சர்க்கரையும் ஏறும். 2024 அக்டோபரில் ஐந்து சங்கங்கள் கூடி, எல்லோரும் நிறுத்தத் தேவையில்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், புரையேறும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு முந்தின 24 மணி நேரம் திரவ உணவு, சந்தேகமிருந்தால் ஸ்கேன் என்று மாற்றின. ஒருவழியாக குடோனைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அத்தைக்கு அடுத்த தேதி கொடுத்தார்கள். முந்தின நாள் முழுக்க வடிகட்டின கஞ்சியும் இளநீரும்தான். கிளம்பும்போது மாத்திரை டப்பா, கண் சொட்டு மருந்து, ஊசிப் பேனா எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு, டாக்டர் மேஜையில் அப்படியே கொட்டிவிட்டார். தைல பாட்டில்கூட இருந்தது.